வாட்ச் பக்கம், வளையல் பக்கம்: துபாய்க் கை திருச்சி ரோட்டுக்குப் பழகிய கதை

துபாயில் கார் ஓட்டியவளுக்குத் திருச்சி ரோடெல்லாம் ஒரு விஷயமா என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவர்கள் கணக்குப்படி நியாயமான கேள்வி. ஷேக் சாயித் ரோட்டில் ஒரு பக்கத்துக்கே ஆறு லேன், ஏழு லேன் இருக்கும். அதில் நூறில் போய் வந்தவள் பால்பண்ணை ரவுண்டானாவைச் சுற்ற மாட்டாளா? ஆனால் நான் ஸ்டியரிங்கை முதன்முதலாகத் தொட்டதே அங்கேதான். ஊரில் இருந்தவரை எனக்கு சைக்கிள் மட்டும்தான். கல்யாணமாகிப் போன பிறகு ஆயிரக்கணக்கில் திர்ஹாமைக் கொட்டி, கிளாஸ் கிளாஸாகப் போய், டெஸ்டில் கோட்டைவிட்டு, மறுபடி பணம் கட்டி வாங்கிய லைசென்ஸ் அது. ஆகவே என் கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் தெரிந்த ரோடு, வலது பக்கமாக ஓட்டுகிற ரோடு மட்டும்தான். மகள் படிப்புக்காக அவளும் நானும் திருச்சிக்கு வந்துவிட்டோம், வீட்டுக்காரர் அங்கேயே இருக்கிறார். கொழுந்தனாரின் பழைய மாருதி எனக்கென்று ஷெட்டில் நின்றது. அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டில் பாதி, யாராவது முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். வளைகுடாவிலிருந்து இப்படித் திரும்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் லைசென்ஸ் சமாச்சாரம், அதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஊரோடு வந்து குடியேறிவிட்டால் அங்கத்திய லைசென்ஸை நம்பிக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது. எங்கேயாவது ஒரு உரசல் என்றால்கூட இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது செல்லுபடியாகும் லைசென்ஸைத்தான். அரசாங்கத்தின் பரிவாஹன் இணையதளத்தில் எல்எல்ஆருக்கு, அதாவது பழகுநர் உரிமத்துக்கு, விண்ணப்பிக்கணும். அது கைக்கு வந்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். 'இத்தனை வருஷம் ஓட்டிவிட்டு மறுபடி எல் போர்டா' என்று எனக்கு அழுகையே வந்தது. போகப் போகத்தான் அந்த எல் போர்டின் அருமை புரிந்தது: பின்னால் வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளியே வருவார்கள். லைசென்ஸ் வந்த பிறகும் நான் அதைக் கழற்ற மனசில்லாமல் ஒட்டியே வைத்திருந்தேன். ஊரிலேயே லைசென்ஸ் எடுத்துவிட்டு வெளிநாடு போனவர்களுக்கு ஒரு விஷயம்: அது காலாவதியானால் 1 வருடத்துக்குள் புதுப்பித்துவிடுங்கள். அதைத் தாண்டினால் நீங்களும் டெஸ்டுக்கு வந்து நிற்க வேண்டியதுதான். லீவில் வரும்போதே தேதியை எடுத்துப் பாருங்கள்.

இனி வண்டிக்குள். தப்பான கதவைத் திறந்து ஸ்டியரிங் இல்லாத சீட்டில் உட்கார்ந்துவிட்டு, எதையோ தேட வந்தவள் மாதிரி டேஷ்போர்டைத் துழாவிவிட்டு இறங்குவது எல்லோருக்கும் நடக்கும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். பெல்ட்டை எடுக்க இடது தோளுக்கு மேல் கை போகும், அங்கே ஒன்றும் இருக்காது. கியர் மாற்ற வலது கை போய்க் கதவில் இடிக்கும். அங்கே எனக்கு ஆட்டோமேட்டிக்தான் பழக்கம், அதனால் இது இரட்டைக் கஷ்டம். ஆனால் என்னை உண்மையில் படுத்தியது வைப்பர். துபாய் வண்டியில் இண்டிகேட்டர் குச்சி இடது கைப்பக்கம் இருக்கும், வைப்பர் வலது கைப்பக்கம். மாருதி, ஹூண்டாய் மாதிரி வண்டிகளில் இங்கே அப்படியே நேர்மாறு. சித்திரை வெயிலில், ஒரு சொட்டு ஈரமில்லாத கண்ணாடியில், ஒவ்வொரு திருப்பத்துக்கும் என் வைப்பர் 'கர்ரக் கர்ரக்' என்று எழுந்து ஆடும். பின்னால் வருகிற ஆட்டோக்காரருக்கு நான் எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று எப்படித் தெரியும்? வானிலை அறிக்கை வாசிக்கிறேன் என்று வேண்டுமானால் நினைத்திருப்பார். வேப்பமரத்தடியில் ராத்திரி நின்ற வண்டி ஒருநாள் மண்ணும் காக்கை எச்சமும் காய்ந்துபோய்க் கிடந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பி, முதல் திருப்பத்திலேயே குச்சியைத் தட்டிவிட்டேன். வைப்பர் அத்தனையையும் இழுத்துக்கொண்டு போனதில் கண்ணாடியில் அரைவட்டமாக ஒரு கீறல். காலை வெயில் எதிரே அடிக்கும்போது இன்றைக்கும் பளிச்சென்று தெரியும். பாலிஷ் போட்டால் போய்விடும் என்று சொல்லி ஒரு கடையில் எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். ரூபாய் போனது, கீறல் போகவில்லை.

அதனால் முதல் சில வாரம், கிளம்புவதற்கு முன் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள். ஷெட்டுக்குள்ளேயே வண்டியை நிறுத்திவைத்து, வாய்விட்டு இடது, வலது என்று சொல்லிக்கொண்டே இண்டிகேட்டரைப் போட்டுப் போட்டுப் பழகுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். புது வண்டி வாங்குகிற யோசனை இருந்தால் இன்னொன்று: ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா மாதிரி ஐரோப்பியக் கம்பெனி வண்டிகளில் இங்கேயும் இண்டிகேட்டர் இடது கைப்பக்கம்தான் வருகிறது. இதற்காக மட்டும் ஒரு வண்டியை வாங்கச் சொல்ல மாட்டேன், ஆனாலும் தெரிந்திருக்கட்டும். பெடல் மட்டும் எந்த நாட்டிலும் ஒரே வரிசைதான்: ஆக்ஸிலரேட்டர் வலது காலுக்கு, பிரேக் அதற்கு இடப்பக்கம். கால் குழம்பவில்லை என்பதுதான் எனக்கு அந்த நாட்களில் ஒரே நிம்மதி.

அடுத்தது இடது பக்கக் கண்ணாடி. தில்லைநகர் கிராஸ் ஒன்றில் ஓரமாக நின்றிருந்த லோடு ஆட்டோவை ஒட்டிப் போனதில் என் இடது சைடு மிரர் மடங்காமல் அப்படியே முறிந்து, ஒயரில் தொங்கியது. ஆட்டோவுக்கு ஒன்றுமில்லை. அதன் டிரைவர் டீ கிளாஸோடு வந்து ரோட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டி, "ஏன்க்கா, இவ்ளோ எடம் கெடக்கே!" என்றார். இடம் கிடந்தது உண்மைதான். ஆனால் அங்கே வண்டி முழுக்க எனக்கு வலப்பக்கம் இருக்கும். இடது கதவை ஒட்டி உட்கார்ந்து, லேனில் என் உடம்பு எங்கே இருக்க வேண்டும் என்று கண்ணுக்கு ஒரு கணக்குப் பழகிவிட்டது. வலது சீட்டுக்கு மாறிய பிறகும் உடம்பை அதே இடத்தில் கொண்டுபோய் வைத்தால், எனக்கு இடப்பக்கம் இருக்கிற மொத்த வண்டியும் ரோட்டோரத்தை உரசிக்கொண்டுதான் போகும். மிரருக்கு இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய். இடது கதவில் விழுந்த கோடுகளுக்கு நான் பெயின்ட் அடிக்கவே இல்லை, எப்படியும் இன்னும் விழும் என்று தெரியும். நமக்கு நாமே செய்துகொள்ளக் கூடிய ஒரு வைத்தியம்: வண்டி நேராகப் போகும்போது இடது மிரரை ஒரு முறை பாருங்கள், வண்டியின் உடம்புக்கும் ரோட்டோர வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில் எவ்வளவு ரோடு தெரிகிறது என்று. நம் மனசு நினைப்பதைவிட அது எப்போதும் குறைவாகவே இருக்கும். கொஞ்சம் வலது பக்கம் தள்ளி உட்கார்ந்த மாதிரி, நடுக்கோட்டில் ஏறிவிடுவோமோ என்று பயமாக இருந்தால், அநேகமாக அதுதான் சரியான இடம்.

டிரைவிங் ஸ்கூலில் எனக்கு வாய்த்த மாஸ்டர் பொறுமைசாலி. முதல் நாள் அவர் "லெஃப்ட்ல ஒடிங்க மேடம்" என்றபோது நான் ரைட்டில் ஒடித்தேன். மறுபடி "ரைட்" என்றபோது லெஃப்டில் ஒடித்து, ஒரு காய்கறி வண்டியைப் பார்த்து அவர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். படித்தவள், இடது எது வலது எது தெரியாதா என்று எனக்கே அவமானமாக இருந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. துபாயில் 'ரைட்' என்றால் ஓரத்தை ஒட்டிச் சுலபமாகத் திரும்பும் சின்னத் திருப்பம். 'லெஃப்ட்' என்றால் சிக்னலில் நின்று, எதிர் ரோட்டைக் கடந்து, அகலமாக வளைக்கும் பெரிய திருப்பம். இங்கே லெஃப்ட்தான் சின்னது, ரைட்தான் பெரியது. என் கை அந்த வார்த்தையைத் திசையாகக் கேட்கவில்லை, திருப்பத்தின் அளவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இதை மறுநாள் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் கைகளைப் பார்த்துவிட்டு, "சரி மேடம், இனிமே லெஃப்ட்டும் வேணாம் ரைட்டும் வேணாம். வாட்சுப் பக்கம்னா சின்னதா ஒடிங்க. வளையல் பக்கம்னா நின்னு, பாத்து, பெருசா ஒடிங்க" என்றார். இடது கையில் வாட்ச், வலது கையில் வளையல். அதற்குப் பிறகு ஒரு திருப்பம்கூடத் தப்பவில்லை. ஆண்கள் வலது கையில் கயிறு கட்டிக்கொள்ளலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

லேன் விஷயத்திலும் மாஸ்டர் சொன்ன ஒன்று இரண்டு நாட்டுக்கும் பொருந்தும்: எந்த ஊராக இருந்தாலும் டிரைவர் சீட் ரோட்டின் நடுப்பக்கமாகவும் பக்கத்து சீட் ஓரமாகவும் இருக்க வேண்டும். சென்டர் மீடியன் பக்கத்து சீட்காரர் பக்கம் வந்துவிட்டால் நாம் தப்பான பக்கத்தில் இருக்கிறோம், உடனே நிறுத்து. இதற்கு இடது வலது யோசிக்கவே வேண்டியதில்லை. ரவுண்டானாவுக்குக் கோயில்தான் கணக்கு. சந்நிதியை வலம் வருகிற மாதிரி, நடுவில் இருக்கும் சிலை நம் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். துபாயில் இத்தனை காலம் அப்பிரதட்சிணமாகச் சுற்றிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். வலப்பக்கம் இருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும் என்பது இங்கே சட்டம். அவரவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்வது நடைமுறை. சந்திலிருந்து மெயின் ரோட்டில் ஏறும்போது முதலில் பார்க்க வேண்டியது வலது பக்கம். என் கழுத்து தானாக இடது பக்கம்தான் திரும்பும். அதனால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மறுபடி வலது பக்கம் ஒருமுறை பார்க்காமல் காலை எடுப்பதில்லை. ரோட்டை நடந்து கடக்கும்போதும் இதே கதைதான், கூட வரும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

நெரிசலில் தப்பு நடக்காது, கவலைப்படாதீர்கள். முன்னால் ஒரு டவுன் பஸ், பக்கத்தில் இரண்டு பைக் என்று கூட்டமே நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆபத்து, ரோடு காலியாக இருக்கும்போதுதான். அம்மா மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிற அன்று, விடியாத நேரத்தில் ஜங்ஷனுக்குக் கிளம்பினேன். வழியில் பங்கில் பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வந்து ஏறினேன். ரோட்டில் ஒரு வண்டி இல்லை, நாய்கூட இல்லை. மனசு துபாய்க்குப் போய்விட்டது போலிருக்கிறது. ஆசையாக மூன்றாவது கியர் போட்டு வலது ஓரமாகப் போய்க்கொண்டிருக்கிறேன், எதிரே ஒரு பால் வண்டி லைட்டை அணைத்து அணைத்துப் போடுகிறது. 'என்ன திமிர், என் லேனில் வருகிறானே' என்று ஹாரன் வேறு அடித்தேன். அவர் பொறுமையாக நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "யக்கா, ரோடு அந்தப் பக்கம்" என்றார். அதட்டவில்லை, திட்டவில்லை, வழி சொல்கிற குரலில் சொன்னார். வண்டியை ஓரங்கட்டி, கை நடுக்கம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அம்மா பிளாட்பாரத்திலிருந்து போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். பெட்ரோல் பங்க், ஒருவழிப் பாதை முடியும் இடம், பார்க்கிங்கிலிருந்து வெளியே வரும் வாசல், இந்த மூன்று இடத்தில்தான் பழைய பழக்கம் தலைதூக்கும். டேஷ்போர்டில் நான் ஒரு பெரிய அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிவைத்தேன். மகள் அதற்குக் கண்ணும் மூக்கும் வரைந்துவிட்டாள்.

ஸ்வீடன் நாடு 1967 செப்டம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு மொத்தமாக இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாறியது. ஞாபகப்படுத்துவதற்காக உள்ளாடையில்கூட அந்த மாற்றத்துக்கான சின்னத்தை அச்சடித்து விற்றார்களாம். நாடே மாறும்போது எல்லோரும் சேர்ந்து பயந்து மெதுவாக ஓட்டுவார்கள். நான் ஒருத்தி மட்டும் மாறியபோது திருச்சி தன் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

திருச்சி–தஞ்சாவூர் ரோட்டில் பாலபாடமெல்லாம் மறுபடி புரண்டது. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சுமார் 14 கிலோமீட்டருக்கு சர்வீஸ் ரோடு கிடையாது. அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் ஜனங்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன கோரிக்கை அது. எதிர்ச்சாரியில் இருக்கும் கடைக்குப் போக, மீடியன் எங்கே திறந்திருக்கிறதோ அங்கே வரை போய்ச் சுற்றி வர வேண்டும். அதற்கு யாருக்குப் பொறுமை? பைக்கும் ஆட்டோவும் ஓரமாக எதிர்த்திசையில் வந்துகொண்டே இருக்கும். இடது பக்கம் ஓட்ட வேண்டும் என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு வந்தவளுக்கு, இடது ஓரத்தில் எதிரே முகம் காட்டி ஒரு பைக் வந்தால் எப்படி இருக்கும்? முதலில் நான்தான் தப்பான பக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்து பதறிப்போனேன். மீடியன் எந்தக் கைப்பக்கம் என்று பார்த்த பிறகுதான் உயிர் வந்தது. ஓர லேனை எதிரே வருகிறவர்களுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் விட்டுவிட்டு, ஒரு ஆள் நடக்கிற இடம் தள்ளி ஓட்டுங்கள். வலது லேன் வேகமாகப் போகிறவர்களுக்கு என்பது புத்தகத்தில்தான். அதில் லோடு லாரி முப்பதில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஹாரன் அடித்து, லைட் போட்டுக் காட்டி, கொஞ்சம் காத்திருந்து, நகரவே இல்லை என்றால் எல்லோரும் இடது பக்கமாகத்தான் ஏறிப் போகிறார்கள். நானும் போகிறேன். போகும்போது பஸ் எதுவும் நின்று ஆள் இறக்கவில்லையே என்று பார்த்துக்கொள்கிறேன்.

லாரி இண்டிகேட்டரை நம்பி எதுவும் செய்யாதீர்கள். வலது இண்டிகேட்டர் போட்டால் சிலர் 'எதிரே வண்டி வருது, ஏறாதே' என்கிறார்கள், சிலர் 'ஏறிப் போ' என்கிறார்கள், சிலர் நிஜமாகவே வலது பக்கம் திரும்புகிறார்கள். மூன்றையும் பார்த்துவிட்டேன். நாலு லைட்டும் சேர்ந்து மின்னினால் துபாயில் வண்டி பழுது, அல்லது முன்னால் விபத்து. இங்கே நாற்சந்தியில் நாலும் மின்னினால், நேராகப் போகிறார் என்று அர்த்தமாம். கேட்டுத் தெரிந்துகொண்டபோது வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இனி என் மாமனார் கதை. மாமா சோழன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராகச் சேர்ந்து, அது கும்பகோணம் கோட்டம் ஆன பிறகு ரிட்டயர் ஆனவர். ஊர் வீட்டுக்குப் போயிருந்தபோது, "நீ ரிவர்ஸ் எடும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று தோளில் துண்டோடு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கண்ணாடியை இறக்கிவிட்டேன். "ரைட்... ரைட்... ரைட்..." என்று கம்பீரமாகக் குரல் வருகிறது. பேருந்தில் ஏறிய எந்தத் தமிழருக்கும் தெரியும், அதற்கு 'போகலாம்' என்று பொருள். எனக்கும் தெரியும். ஆனால் வாட்ச், வளையல் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அது தெரியவில்லை. அவர் ரைட் ரைட் என்று சொல்லச் சொல்ல ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்துக்கொண்டே போனேன். "ஓல்டான்!" என்று அவர் அலறியதும் பம்பர் துவைக்கிற கல்லில் மோதியதும் ஒன்றாக நடந்தது. கல்லின் மேல் அத்தை வைத்திருந்த சோப்பு டப்பா மட்டும் தப்பித்தது. இறங்கி ஓடினேன். மாமா பம்பரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "நான் ரைட்டுன்னு சொன்னா நீ ஏம்மா ரைட்டுல ஒடிக்கிற?" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் செலவானது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டோம், வண்டிக்குப் பக்கத்தில் ரைட் என்ற வார்த்தையே கூடாது என்று. அவரால் முடியவில்லை, வாயில் தானாக வந்தது. கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். பஸ்ஸில் ஒரு விசில் நிறுத்த, இரண்டு விசில் கிளம்ப. அதே மாதிரி டிக்கியில் இரண்டு தட்டு தட்டினால் வரலாம், ஒரு தட்டு தட்டினால் நிற்கணும். அன்றிலிருந்து ரிவர்ஸில் ஒரு சேதமும் இல்லை. ரிவர்ஸுக்கு யாராவது உதவ வந்தால் எப்போதும் நம் வலது மிரரில் தெரிகிற இடத்தில் நிற்கச் சொல்லி, வாயைவிடக் கையைக் காட்டச் சொல்லுங்கள்.

வழி கேட்கும்போதும் கையைத்தான் நம்ப வேண்டும். "நேரா போயி லெஃப்ட்ல ஒடிங்க" என்று சொல்கிற வாய்க்குக் கீழே கை வலது பக்கம் நீண்டிருக்கும். கார் ஜன்னலுக்கு வெளியே நம்மைப் பார்த்து நிற்கிறவருக்கு அவருடைய இடது கை நமக்கு வலது. இதில் பெரும்பாலும் கைதான் சரி. திருவையாறு தாண்டிக் கிராமங்களுக்குள் போய்விட்டால் லெஃப்ட் ரைட்டுக்கே வேலையில்லை. "கெழக்கால போயி, வாய்க்கா பாலம் தாண்டி வடக்க திரும்புனா மாரியம்மன் கோயிலு, அதுக்கு மேற்கால மூணாவது வீடு" என்றார் ஒரு பெரியவர். மத்தியான வெயில் உச்சிமேல் நிற்கிறது, கிழக்கு எது என்று சூரியனைக் கேட்கவும் முடியாது. "கெழக்குன்னா எதுங்கய்யா?" என்றேன். வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. இதற்கு நான் கண்ட வழி: கூகுள் மேப்பில் திசைகாட்டி அடையாளத்தைத் தட்டினால் வடக்கு மேலே வந்து நிற்கும். அப்படி வைத்துக்கொண்டால் பெரியவர் சொன்னதும் படமும் ஒத்துப்போகும். நகரத்தில் மட்டும் பழையபடி வண்டி போகும் திசை மேலே இருக்கட்டும்.

அந்த ரோடுகளில் இன்னொன்று. அறுவடை நேரத்தில் நெல்லை ரோட்டிலேயே காயப்போட்டிருப்பார்கள், பாதி ரோடு நெல், ஓரத்தில் வரிசையாகக் கல். இடது பாதியில் நெல் கிடந்தால் நாம் வலது பாதியில்தான் போக வேண்டும், எதிரே வருகிறவரும் அதே பாதியில்தான் வருவார். சீறிக்கொண்டு போகாமல், எந்தப் பக்கம் ஒதுங்க இடம் இருக்கிறது என்று தூரத்திலேயே பார்த்துவைத்து முன்கூட்டியே நின்றுவிடுவது நல்லது. நெல்லின் மேல் ஏற்றினால் அதைத் துழாவிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிவரும், அதுவும் நியாயம்தான்.

நாலுவழிச் சாலையில் வலது பக்கம் இருக்கும் ஊருக்குப் போவதுதான் எனக்குக் கடைசியாகப் பிடிபட்டது. மேம்பாலம் கட்டிய இடங்களில் வலது பக்கம் போக வேண்டுமென்றால் முதலில் இடது பக்கம் சர்வீஸ் ரோட்டில் இறங்கி, பாலத்துக்கு அடியில் போய், அங்கே வலது பக்கம் திரும்ப வேண்டும். ஊர்ப் பெயர்ப் பலகையில் வலது அம்புக்குறியைப் பார்த்துவிட்டு வலது லேனுக்கு ஏறினேன். பாலத்தின் மேல் போய், நான் போக வேண்டிய ஊரை மேலிருந்து பார்த்துவிட்டு, டோல்கேட்டையும் தாண்டி, சுங்கமும் கட்டி, யூ டர்ன் எடுத்துத் திரும்பி வந்தேன். வளைகாப்புக்குப் போன இடத்தில் வளையல் போட்டு முடித்து, கலவைச் சாதமும் தீர்ந்திருந்தது. பாலம் வருகிறது என்று தெரிந்ததும் இடது லேனுக்கு வந்துவிடுங்கள், போக வேண்டிய ஊர் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. திருச்சிக்குள்ளேயே ஜி கார்னர் சந்திப்பில் உள்ளூர்க்காரர்களே தடுமாறுவார்கள், அங்கே நீங்கள் குழம்பினால் உங்கள் தப்பு இல்லை.

ஒரு மாத லீவில் வந்து உடனே ஓட்டியாக வேண்டும், பழக நேரமில்லை என்கிறவர்களுக்கு ஆக்டிங் டிரைவரைத்தான் சொல்வேன். எங்கள் பக்கம் ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாயும் சாப்பாடும் கேட்கிறார்கள். பெரும்பாலும் நாம் பின்னால் உட்கார்ந்து போனில் மூழ்கிவிடுகிறோம். அப்படிச் செய்யாமல் முதல் இரண்டு நாள் முன் சீட்டில் உட்கார்ந்து, அவர் எங்கே ஒதுங்குகிறார், எப்போது கையை வெளியே நீட்டுகிறார், எந்த லாரியை எந்தப் பக்கம் ஏறுகிறார் என்று பாருங்கள். லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால் மூன்றாவது நாள் நீங்கள் ஸ்டியரிங்கில், அவர் பக்கத்தில். நான் இதை யோசிக்காமல் விட்டதில் மிரர், பாலிஷ், பம்பர் என்று போன பணத்துக்கு ஒரு வாரம் ஆள் வைத்திருக்கலாம். காலை ஏழு மணிக்கு முன்னால் வரச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு ஸ்கூல் வேன்கள் இறங்கிவிடும். மத்தியானச் சாப்பாடு நல்ல இடத்தில் வாங்கிக் கொடுத்தால் சாயங்காலம் பைபாஸையும் ஒரு சுற்று ஓட்ட வைத்துவிட்டுத்தான் போவார்.